புகை தெரிகிறது, நெருப்பு இருக்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

"தத்துவம் படிச்சா என்ன வேலை சார் கிடைக்கும்?" முப்பது வருடம் கல்லூரியில் தத்துவம் நடத்தியவன் நான். சேர்க்கை நாளில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறப்போகிற ஒரு அம்மா இதைக் கேட்டால், பதில் சொல்லியே ஆக வேண்டும். அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

முதலில் உங்கள் அடுக்களைக்குப் போவோம். மணிமேகலைக் காப்பியத்தில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது. எப்படித் தெரியும்? புகை தெரிகிறதே. புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்று எங்கே கண்டாய்? அடுக்களையில். சொல்வது என்ன, காரணம் என்ன, உதாரணம் என்ன? பக்கம், ஏது, திட்டாந்தம் என்று இவற்றுக்குப் பெயர். பெயர் மறந்துபோகட்டும், அந்த அடுக்களை நினைவில் இருக்கட்டும்.

எங்கே வழுக்கி விழுவோம் என்றும் அடிகள் சொல்கிறார். தெரிவது ஆவியா, பனியா என்ற சந்தேகமே இன்னும் தீரவில்லை. அதற்குள் அது புகைதான், நெருப்பு இருக்கிறது என்று துணிந்துவிடுவது. ஊருக்குள் பிள்ளை பிடிக்கிறவன் வந்துவிட்டான் என்று செல்போனில் வந்த செய்தியை என் மாணவன் ஒருவன் வகுப்புக்குக் கொண்டுவந்தான். "ஏது என்னப்பா?" என்று கேட்டேன். அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போன் போட்டு, யார் பார்த்தது, யார் சொன்னது என்று ஒவ்வொருவராக விசாரித்திருக்கிறான். பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை. பள்ளிக்கூடம் பக்கம் நின்றவர் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்தவர். தெரிந்தது புகையா, பனியா? இந்த ஒரு கேள்வியைப் பழக்கிவிட்டாலே பாதிப் படிப்பு முடிந்தது என்பேன்.

மீதிப் பாதிதான் கஷ்டம். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலை எழுதினார். அதில் சுபக்கம், அதாவது தம் கொள்கை, பிறகுதான் வருகிறது. முன்னால் வருவது பரபக்கம், பிறர் கொள்கை. அதிலும் முதலில் யாரைப் பேசவிடுகிறார் தெரியுமா? கடவுளும் இல்லை, உயிர் என்று தனியாக ஒன்றும் இல்லை என்கிற உலகாயதனை! அவன் கொள்கையைச் சொல்லி முடித்த பிறகுதான் மறுப்பு.

இதை நான் வகுப்பில் பயிற்சியாகவே வைத்திருந்தேன். 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்த சமயம். மாடு வளர்க்கும் வீட்டுப் பையன் ஒருவன், ரத்தம் கொதிக்கப் பேசுகிறவன். மாட்டை வதைக்கக் கூடாது என்ற மாணவி ஒருத்தி. அவள் கட்சியை அவன் எடுத்துச் சொல்ல வேண்டும், அவள் "ஆமாம், நான் சொல்ல வந்தது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும் வரை அவன் மறுத்துப் பேசக் கூடாது. இதுதான் விதி. முதல் தடவை சொன்னான், "இல்லை" என்றாள். இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் நாள், "வலிக்குதுன்னு மாட்டால வாய் திறந்து சொல்ல முடியாது. அதனால நாமதான் கூடுதலா யோசிக்கணும். அதானே நீ சொல்றது?" என்றான். அவள் தலையாட்டினாள். அவன் கடைசிவரை ஜல்லிக்கட்டுப் பக்கம்தான் நின்றான். ஆனால் அதன் பிறகு அவன் பேசியபோது அந்தப் பெண் முழுதாகக் கேட்டாள். அடுத்தவர் கட்சியை அவரே ஒப்புக்கொள்ளும்படி சொல்லிவிட்டு மறுப்பது. நேயர்களே, இதைத் திரும்பச் சொல்கிறேன், அவரே ஒப்புக்கொள்ளும்படி. வழக்காடுகிறவருக்கு, செய்தி எழுதுகிறவருக்கு, சம்பள உயர்வு பேசப்போகும் தொழிற்சங்கக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. சாக்ரடீசைப் பற்றிக் குறித்துவந்த தாள் அப்படியே இருக்கிறது. வேலைக் கேள்விக்கு வந்துவிடுகிறேன். குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் தத்துவம் ஒரு விருப்பப் பாடம். 2013 முதல் அறவியலுக்கென்றே 250 மதிப்பெண்ணில் ஒரு தாள் எல்லோருக்கும் உண்டு. புது மருந்தை மனிதர்களிடம் சோதிக்க அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களில் தத்துவம் படித்தவரும் உட்காரலாம். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராதாகிருஷ்ணன் தத்துவ உயராய்வு நிறுவனம் இருக்கிறது. ஊருக்கு பஸ் ஏறும் முன் ஒரு நடை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் அம்மா.

வணக்கம்.