பஸ் நிலையக் கதவு யார் கையில்?

வணக்கம் நேயர்களே.

கொழும்புக்குப் போக வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ நிற்பவருக்கு ரயிலும் உண்டு, பஸ்சும் உண்டு. முல்லைத்தீவில் தண்டவாளம் இல்லை. மாங்குளத்துக்கு வந்துதான் ரயில் ஏறவேண்டும். நெடுந்தூர பஸ் ஓட்டுவதற்கு அனுமதிக் கட்டுப்பாட்டை நீக்கினால், இந்த இரண்டு வகைப் பயணிகளுக்கும் ஒரே பலன் கிடைக்காது.

பிரித்தானியா 1980 ஒக்டோபரில் அதை நீக்கியது. பயணிகளை 30 மைலுக்குக் குறையாமல் ஏற்றிச்செல்லும் சேவைக்கு வழித்தட அனுமதி தேவையில்லை என்றார்கள். வாகனத் தகுதி, சாரதித் தகுதி விதிகளைத் தளர்த்தவில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது. பெருநகரங்களுக்கிடையே கட்டணம் மளமளவென்று இறங்கியது, ரயிலும் மலிவுச் சீட்டு விட்டது. வழியிலுள்ள சிற்றூர்கள் பல, பஸ்சையே இழந்தன.

ஏன்? ஒரு பேச்சுக்குக் கணக்குப் பார்ப்போம். ஒரு ஓட்டத்துக்கு டீசல், சம்பளம், டயர், லீசிங் எல்லாமாக 60,000 ரூபா. ரிக்கற் 2,000 என்றால் 30 பேர் ஏறினால் முதல் வந்துவிடும். போட்டியில் 1,200 ஆக்கினால் 50 பேர் வேண்டும். பஸ்சில் இருப்பதோ 49 இருக்கை. அப்போது முதலில் வெட்டுவது ஆள் குறைந்த தரிப்பிடத்தை. அடுத்து சாரதியின் ஓய்வு, பிறேக் வேலை. அதனால்தான் வாகன, சாரதிப் பரிசோதனை இறுக்கமாக இருக்கவேண்டும் என்கிறேன்.

இனி, பலர் கவனிக்காத விஷயம்: பஸ் நிலையம். பிரித்தானியாவில் சில தனியார் கம்பனிகள் 'பிரிட்டிஷ் கோச்வேய்ஸ்' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து இறங்கின. லண்டன் விக்டோரியா நிலையமோ போட்டியாளரான அரச பஸ் குழுமத்தின் கையில். அங்கே இவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. வேறு இடத்தில் நின்று பயணிகளைத் தேடவேண்டிவந்தது. மூன்று வருடத்துக்குள் அந்தக் கூட்டு இல்லாமற் போனது. அனுமதி திறந்திருந்தது, நிலையக் கதவு பூட்டியிருந்தது. திரும்பவும் சொல்கிறேன்: கதவு பூட்டியிருந்தது.

ஜேர்மனி 2013 ஜனவரியில் நெடுந்தூர பஸ் போட்டியைத் திறந்தது. அரச மானியத்தில் ஓடும் உள்ளூர் ரயிலைக் காப்பாற்ற, 50 கிலோமீற்றருக்கு உட்பட்ட பயணத்துக்கு நெடுந்தூர பஸ் ஆள் ஏற்றக்கூடாது என்று பொதுவாகத் தடுத்தார்கள். அங்கேயும் நாலைந்து வருடத்தில் சந்தையின் பெரும்பகுதி ஒரே கம்பனியிடம் போய்ச் சேர்ந்தது.

நமக்கு மாகாணங்களுக்கிடையிலான அனுமதியைத் தருவது 1991 சட்டப்படியான தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. அதைத் தளர்த்துவதாக இருந்தால், முதலில் நிலையத்தை எந்த பஸ்காரரையும் சேராத ஒருவர் நிர்வகிக்கவேண்டும்; தரிப்பு நேரத்தைச் சுழற்சியில் கொடுக்கவேண்டும். வவுனியா–மாங்குளம் போன்ற குறுந்தூரச் சேவையை, பள்ளிப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்குப் போவோரும் நம்பியிருப்பதால், தனியாகக் காப்பாற்றவேண்டும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ரயிலோடு இணைப்பதைப் பற்றி ஒன்று மட்டும்: முல்லைத்தீவு பஸ், மாங்குளத்துக்கு ரயில் வர 15 நிமிடம் முன்னரே வந்துவிடவேண்டும். ரயில் பிந்தினால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, அந்தச் செலவை யார் கொடுப்பது என்பதை அனுமதிப்பத்திரத்திலேயே எழுதிவிடவேண்டும். நன்றி, வணக்கம்.