ரத்த அழுத்த மாத்திரை வலிப்பைத் தடுக்குமா?

அவையோருக்கு வணக்கம்.

வலிப்பு நோய்க்கு இன்று வழக்கத்தில் உள்ள மாத்திரைகள் வலிப்பை அடக்குகின்றனவே ஒழிய, நோய் உருவாவதைத் தடுப்பதில்லை. தலையில் பலத்த அடிபட்டவருக்கும் பக்கவாதம் கண்டவருக்கும் சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து வலிப்பு தொடங்கக்கூடும். அதுவரை அதைத் தடுக்க மருத்துவர் தருவதற்கென்று உறுதியான மருந்து ஏதுமில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் ரத்த அழுத்தத்துக்காக நாள்தோறும் விழுங்கும் லோசார்ட்டனின் மீது ஆய்வாளர்களின் பார்வை திரும்பியது இதனால்தான்.

அடிபட்ட இடத்தில் மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் கசியத் தொடங்கினால், வழக்கமாக மூளைக்குள் புகாத ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் மூளைத் திசுவுக்குள் நுழைகிறது. அங்கு நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற செல்களில் அது டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞையைத் தூண்டிவிட, அழற்சி மூண்டு, நரம்புச் செல்களைச் சுற்றிச் சேரும் பொட்டாசியத்தை அகற்றும் வேலை தடைபட்டு, அவை எளிதில் கிளர்ச்சியடையும் நிலைக்கு வருகின்றன. இஸ்ரேலின் அலோன் ஃப்ரீட்மன், கலிஃபோர்னியாவின் டேனியலா காஃபர் ஆகியோரின் குழு, லோசார்ட்டன் இந்தச் சமிக்ஞையை அடக்குவதைக் கண்டு 2014-இல் வெளியிட்டது. மூன்று வாரம் மட்டும் மருந்து பெற்ற எலிகளில் 60 விழுக்காட்டுக்கு வலிப்பே வரவில்லை. மற்றவற்றுக்கும் வலிப்பின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தது.

எலியை நம்பி மனிதருக்கு மருந்து எழுத முடியாது என்பது உண்மை. ஆனால் 2022-இல் ஜெர்மனியில் உயர் ரத்த அழுத்தம் உள்ள 1,68,612 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது, லோசார்ட்டன் வகை மாத்திரை எடுத்தவர்களிடம், வேறு வகை அழுத்த மாத்திரை எடுத்தவர்களைவிட, வலிப்பு நோய் குறைவாகவே தோன்றியிருந்தது. எல்லா வகைகளும் அழுத்தத்தைக் குறைப்பவைதாம் என்பதால், பலன் அழுத்தம் குறைந்ததால் மட்டும் வந்ததன்று என்று கருத இடமுண்டு. இருப்பினும் இது பதிவுகளில் தெரியும் தொடர்புதான். எந்த நோயாளிக்கு எந்த மாத்திரை என்று மருத்துவர் தேர்ந்தெடுத்த காரணமே முடிவைச் சாய்த்திருக்கலாம்.

ஆகவே, இதைக் கேட்டுவிட்டு யாரும் தாமாக மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். இது ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும், சிலரின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், கருவுற்றவர்கள் எடுக்கவே கூடாது. வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவதோ ஆபத்தில் கொண்டு விடும்.

தேவைப்படுவது, தலைக்காயத்தோடு வருவோரை உடனே சேர்த்து, பல ஆண்டுகள் பின்தொடரும் பெரிய மருத்துவப் பரிசோதனை. காப்புரிமைக் காலம் முடிந்து விலை மலிந்த மாத்திரை இது என்பதால் நிறுவனங்களுக்கு இதில் ஆதாயம் குறைவு. அரசுகளும் பல்கலைக்கழகங்களும்தாம் அந்தச் செலவை ஏற்க முன்வர வேண்டும்.