பாதிப் பாட்டுதான் கேட்டோம்

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரண்டு அணிப் பேச்சாளர்களுக்கும், மாங்காய் மண்டி வேலையை முடிச்சிட்டு நேரா இந்தப் பந்தலுக்கு வந்திருக்கிற காவேரிப்பட்டணத்து மக்களுக்கும் வணக்கம்.

“இளமையில் கேட்ட பாட்டின் சுவையை இணையம் கூட்டியதா, குறைத்ததா?” இதுதான் இன்னிக்குத் தலைப்பு. கூட்டியதுன்னு சொல்ல நான் வந்திருக்கேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் அருமையா பேசினாரு. வைக்கோலுக்குள்ள வச்சு, நாள் பாத்து எடுக்கிற மாம்பழம் மாதிரி, காத்திருந்து கேட்ட பாட்டுக்குத்தான் ருசின்னாரு. வானொலி நேயர் விருப்பத்துக்கு 15 பைசா கார்டு எழுதிப் போட்டு, தன் பேரை ரேடியோவுல கேட்ட நாளை அவர் சொன்னப்ப பந்தல்ல பல பேருக்குக் கண்ணு கலங்கிச்சு. யாருக்குக் கலங்கிச்சுன்னு நான் பாத்தேன் ஐயா. ஆம்பளைங்க உக்காந்திருக்கிற பக்கம்.

அண்ணே, காத்திருந்தது எல்லாரும்தான். பழுத்த பழம் யார் கைக்குப் போச்சு?

எண்பதுகள்ல இந்த ஊர்ல ஒரு வயசுப் பொண்ணு தன் பேரையும் தெருவையும் கார்டுல எழுதி, இந்தக் காதல் பாட்டைப் போடுங்கன்னு அனுப்பியிருந்தா, அது ரேடியோவுல வந்த ராத்திரி அந்த வீட்ல என்ன நடந்திருக்கும்? இங்க இருக்கிற அக்காமாருக்கு நான் விளக்க வேண்டியதில்ல. ரேடியோ அப்பாவோடது. டேப் ரெக்கார்டர் அண்ணனோடது. மைக் செட் கல்யாண வீட்டுக்காரங்களோடது. பஸ்ஸுல ஓடுற கேசட்டு டிரைவரோடது. எங்கள மாதிரிப் பொண்ணுங்களுக்குச் சொந்தம் காது மட்டும்தான்.

அதனால நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணு. இளமையில நாம கேட்டது பாதிப் பாட்டு. மீதிப் பாதியை இப்பத்தான் கேக்கிறோம்.

எப்படிப் பாதின்னு கேளுங்க. காவேரிப்பட்டணத்துல பஸ் ஏறினா கிருஷ்ணகிரி ரவுண்டானா வரைக்கும்தான் பாட்டு. ரெண்டாவது சரணம் ஆரம்பிக்கும்போது கண்டக்டர் விசில் அடிச்சிடுவாரு. அந்தச் சரணம் ஓசூர் போறவங்களுக்கு. கேசட் கடையில சீட்டு எழுதிக் கொடுத்துப் பதிஞ்சு வாங்கினோமே, 60 நிமிஷக் கேசட்டுன்னா ஒரு பக்கம் 30 நிமிஷம். கடைசிப் பாட்டு பாதியில அறுந்துபோகும். அந்தப் பாட்டு அங்கயே முடியுதுன்னு நினைச்சு வளந்த பிள்ளைங்க எத்தனை பேரு! நம்ம அப்பா அம்மா கேட்ட 78 சுத்து இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலதான் இடம். படத்துல நீளமா வந்த பாட்டைக்கூட அதுக்குத் தக்கபடி சுருக்க வேண்டியிருந்துச்சு.

சரி, முழுசா ஓடின பாட்டையாவது முழுசா கேட்டோமா? 1976ல ‘அன்னக்கிளி’யோட இளையராஜா வந்தாரு. அவர் பாட்டுகளை எங்க தெரு கேட்டது வேப்பமரத்துல கட்டின குழாய் ஸ்பீக்கர்ல. அந்தக் குழாய் குரலைத் தூரம் கொண்டுபோறதுக்கு ஆனது. தாழ்ந்த சுருதியை அது சரியா வெளியே விடாது. ஊருக்கே கேட்டுச்சு, ஆனா பாட்டுக்கு அடியில நடந்துபோற பேஸ் கித்தார் யார் காதுக்கும் வரல. நான் தையல் தொழில் செய்றவ. ஒரு நாள் ராத்திரி ரவிக்கைக்கு எம்மிங் பண்ணிக்கிட்டே, பொண்ணோட இயர்போனை மாட்டிப் பழைய பாட்டு ஒண்ணு கேட்டேன். பாடுறவங்களுக்கு அடியில இன்னொருத்தர் தனியா ஒரு மெட்டு வாசிச்சுக்கிட்டே வர்றாரு. ஊசியைக் கீழ வச்சிட்டேன். எனக்கு மனப்பாடமான பாட்டுய்யா அது! அதுக்குள்ள இப்படி ஒண்ணு இருந்திருக்கு, இத்தனை வருஷம் எனக்குத் தெரியல. இதையா சுவை குறைஞ்சதுன்னு சொல்றீங்க?

அடுத்தவங்க அனுமதிச்சாத்தான் பாட்டுங்கிறது வீட்டோட நிக்கல. 1952ல பி.வி. கேஸ்கர் மத்திய அமைச்சரா இருந்தப்ப, சினிமாப் பாட்டு தரம் குறைஞ்சதுன்னு அகில இந்திய வானொலியே அதை ஒதுக்கி வச்சது. சனங்க இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பிட்டாங்க. 1957ல சினிமாப் பாட்டு போடுற விவித் பாரதி சேவை வந்த பிறகுதான் நம்ம வானொலி அவங்களைத் திரும்பக் கூப்பிட்டுச்சு.

நம்ம மாவட்டத்துக்கே உரிய விஷயம் ஒண்ணு இருக்கு. இது மூணு மொழி புழங்குற மண்ணு. எங்க தெருவுல ஒரு அக்கா. பிறந்தது தளிப் பக்கம், வீட்டுல கன்னடம். சின்ன வயசுல கேட்டதெல்லாம் கன்னட நடிகர் ராஜ்குமாருக்கு பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடின பாட்டுங்க. கல்யாணமாகி இங்க வந்தாங்க. புகுந்த வீட்ல எல்லாம் தமிழ்ப் பாட்டு. தமிழ்ல ஜெமினி கணேசனுக்கு அதே ஸ்ரீநிவாஸ் பாடினதைக் கேக்கிறப்பல்லாம் அந்த அக்காவுக்குக் குரல் மட்டும் பிறந்த வீட்டுக் குரல், பாட்டு வேற. தன் பாட்டைப் போடச் சொல்லி அவங்க யாரையும் கேட்டதில்ல. மருமக கைபேசியில பேரைச் சொல்லித் தேடிக் கொடுத்தப்ப, ஒரு அடி பிசகாம கூடவே பாடினாங்க. அவங்க வீட்டுக்காரர் அன்னிக்குத்தான் முதல்முறையா அவங்க பாடிக் கேட்டாரு. அவங்களுக்குன்னு ஒரு பாட்டு இருந்துச்சுன்னு அந்த வீட்டுக்கு அதுவரைக்கும் தெரியாது.

பத்து வயசுலருந்து முப்பது வயசுக்குள்ள மனசுல பதியிறதுதான் பின்னாடி அதிகமா நினைவுல நிக்குதுன்னு உளவியல் படிச்சவங்க சொல்றாங்க. அதே வயசுலதான் பொண்ணுங்களுக்கு வாசக் கதவைப் பூட்டினாங்க. பல்லவியோட நின்ன பாட்டு அப்படியே உள்ள கிடந்திருக்கு.

எதிரணி சொன்னதுல ஒண்ணை ஒத்துக்கிறேன். செயலியில இருக்கிற பாட்டு நமக்குச் சொந்தமில்ல. 2019ல ஸ்பாட்டிஃபைங்கிற பாட்டுச் செயலி இந்தியாவுக்கு வந்த கொஞ்ச நாள்லயே சரிகமா நிறுவனத்தோட பழைய பாட்டுகள் அதுல இல்லாம போச்சு. அடுத்த வருஷம் புது ஒப்பந்தம் போட்ட பிறகுதான் திரும்பி வந்துச்சு. பல இடத்துல பாட்டு எழுதினவர் பேரையே போடறதில்ல, அது எனக்குக் கோபம்தான். அதைத் திருத்தச் சொல்லிக் கேப்போம். அதுக்காக, மத்தவங்க கை பாத்து நின்ன காலத்தைப் பொற்காலம்னு நான் சொல்ல மாட்டேன்.

அடுத்து எதிரணியில பேச வர்ற தம்பிக்கு ஒரு கேள்வி. காத்திருந்து கேட்டவங்க சுகத்தை உங்க அணி நல்லாவே சொல்லிருச்சு. காத்திருந்தும் கிடைக்காமலே போனவங்களுக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க? அதை முதல்ல சொல்லுங்க தம்பி. நடுவர் ஐயா, அந்தப் பதிலைக் கேட்டுட்டுத் தீர்ப்பு எழுதுங்க.

வணக்கம்.