ஒரு பயணத்துக்கு ஒரு மலை

நேயர்களுக்கு வணக்கம்.

பாடசாலை விடுமுறை நெருங்கினால் எங்கள் வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: இந்த முறை எங்கே போவது? பெரும்பாலும் மறுமொழி நுவரெலியா என்றுதான் வரும். ஒரு ஹையேஸ் வான் பிடித்து, மூன்று நாளுக்குள் கண்டி, பேராதனைப் பூங்கா, நுவரெலியா, எல்ல எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு திரும்புகிறோம். இறங்கி நின்ற நேரத்தைவிட வாகனத்துக்குள் இருந்த நேரம்தான் கூட. இந்தப் பழக்கத்தை விடச் சொல்லிக் கேட்கத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். ஒரு பயணத்துக்கு ஒரு மலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எந்த மலை என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

காற்றுக்கும் சுற்றுலாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். புவியியல் படிப்பித்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விடுங்கள்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிற தட்டை நிலம். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இங்கே கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில்தான் ஓடும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும்போது எங்களுக்கு வெயிலும் புழுதியும்தான். அதே காலத்தில் அதே காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் ஏறி, வட்டவளை, ஹற்றன், நுவரெலியா பக்கமெல்லாம் மழையாகக் கொட்டுகிறது. முகட்டைத் தாண்டிக் கிழக்கே ஊவா மாகாணத்துக்குள் இறங்கும்போது அதில் ஈரம் அவ்வளவாக மிச்சமிராது. வடகிழக்கிலிருந்து வருகிற வாடைக்காற்றுக் காலத்தில் இது தலைகீழாகும்: கிழக்குச் சரிவுகள் நனையும், தை பிறந்த பிறகு மேற்குப் பக்கம் வெளிக்கும்.

இதை இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம், பதுளைக்குப் போகும் ரயிலில். பட்டிப்பொல நிலையம் கடல்மட்டத்திலிருந்து 1,891 மீற்றர், நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம். அதைத் தாண்டியதும் ஒரு சுரங்கம் வரும். ஆடி, ஆவணியில் போனால் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் யன்னல் கண்ணாடியெல்லாம் பனிப்புகார் படிந்து, எதிரே இருக்கிற மரம்கூடத் தெரியாது. அந்தப் பக்கம் ஒஹியவில் வெளியே வந்தால் பல நாட்களில் நல்ல வெயில் எறிக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அந்தச் சுரங்கம் வருவதற்கு முன்பே அவர்களை யன்னலோரம் இருத்திவிடுங்கள். ஆனால் அந்தப் பாதையில் மண்சரிவால் ரயில் தடைப்படுவது உண்டு. ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டே வெளிக்கிட வேண்டும்.

ஆகையால் ஓகஸ்ட் விடுமுறைக்கு நுவரெலியாவை விட்டுவிட்டு அப்புத்தளைக்குப் போங்கள் என்பது என் முதல் யோசனை. கத்திமுனை போன்ற ஒரு மலைமுகட்டில் அமைந்த ஊர். கடைத்தெருவில் நின்று ஒரு பக்கம் பார்த்தால் ஊவாவின் மலைகள், மறுபக்கம் பார்த்தால் தெற்கே தாழ்ந்துபோகிற சமவெளி. வானம் தெளிவாக இருக்கிற காலையில் தெற்குக் கடலும் கண்ணுக்குப் படும்.

அங்கிருந்து தம்பத்தன்னைக்குக் காலை பஸ் இருக்கிறது. தோமஸ் லிப்டன் 1890இல் கட்டுவித்த தேயிலைத் தொழிற்சாலை அங்கேதான். தொழிற்சாலையடியிலிருந்து லிப்டன் ஆசனம் என்கிற உச்சிக்கு ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் ஏற்றம். முச்சக்கர வண்டியும் போகும். தயவுசெய்து நடந்து போங்கள். வழி முழுக்கத் தேயிலை. பெண்கள் தலையில் மாட்டிய கயிற்றில் பின்னால் சாக்குத் தொங்க, இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளுகிற வேகத்தைக் கிட்ட நின்று பார்த்தால்தான் தெரியும். இரண்டு இலையும் ஒரு மொட்டும், அதைவிட முற்றிய இலை சாக்குக்குள் போகக்கூடாது. கண் ஒரு செடியில் இருக்க விரல்கள் அடுத்த செடிக்குப் போய்விடும். பனிக்காலைகளில் இடுப்பில் பொலித்தீனைச் சுற்றிக்கொண்டுதான் நிரைக்குள் இறங்குகிறார்கள், இல்லையென்றால் உடுப்பு முழுக்க நனைந்துவிடும்.

அவர்களோடு தமிழிலேயே கதைக்கலாம். எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் மலைநாட்டுக்குப் போய் வாயே திறக்காமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு வருவது எனக்குத் தாங்கமுடியாத விசயம். படம் எடுக்க முதல் கேளுங்கள். எந்த ஊர், எந்தத் தோட்டம், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்களுடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து தோணிகளில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே போனவர்கள். வழியில் நோயிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். அவர்கள் வந்த 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. வடக்குக்கும் மலையகத்துக்கும் இடையில் இப்படி ஒரு பாதை இருந்ததை எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சரி, தை முதல் பங்குனி வரையான காலத்துக்கு வருவோம். அப்போது ஹோட்டன் சமவெளிக்குப் போகலாம். இரண்டாயிரம் மீற்றருக்கு மேலே பரந்து கிடக்கிற புல்வெளி அது. நக்கிள்ஸ், சிவனொளிபாத மலைக் காடுகளோடு சேர்த்து 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. வாசலில் உங்கள் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கிற பொலித்தீன் லேபலைக்கூட உரித்து எடுத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அதற்குக் கோபிக்காதீர்கள், சாப்பாட்டை வீட்டிலிருந்தே வாழையிலையில் கட்டிக்கொண்டு போங்கள். உள்ளே ஒன்பது கிலோமீற்றர் அளவில் ஒரு சுற்றுப்பாதை. மலை திடீரென்று அறுந்து விழுகிற உலக முடிவு என்ற விளிம்பைப் பார்க்க வேண்டுமானால் காலை ஒன்பது மணிக்குள் அங்கே நிற்க வேண்டும். பிந்தினால் பள்ளத்தாக்கிலிருந்து புகார் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். விடியப்புறம் மரைகள் புல்வெளிக்கு வரும்.

எனக்கோ விளிம்பைவிட அங்கேயுள்ள குள்ள மரங்கள்தான் பெரிது. கிளைகளிலிருந்து பாசியும் மரத்தாடியும் தொங்கும். புகார் அதில் படிந்து துளித்துளியாக நிலத்துக்கு இறங்கும். மழை பெய்யாத நாளிலும் மரத்தடி நனைந்திருக்கும். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இந்த மேட்டு நிலத்திலிருந்து தண்ணீர் போகிறது. இங்கே சொட்டுகிற துளி மகாவலியோடு சேர்ந்தால் கொட்டியாரக் குடாவில்தான் கடலைப் பார்க்கும். கிணற்றுத் தண்ணீரையே நம்பி வாழ்கிற நாங்கள், ஆறு பிறக்கிற இடத்தை ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டாமா?

இதே பருவத்தில் சிவனொளிபாத மலையும் உண்டு. மார்கழி முழுநிலாப் பறுவம் முதல் வைகாசிப் பறுவம் வரை வழி முழுக்க விளக்கும் தேத்தண்ணிக் கடையும் இருக்கும். அதைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

நீண்ட பயணம் முடியாது என்கிறவர்களுக்கு மாத்தளை. கண்டி வீதியில் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஓடுகிற பஸ்ஸிலேயே மாத்தளையில் இறங்கலாம். அங்கிருந்து றத்தோட்டை வழியாக மேலேறினால் றிவர்ஸ்டன், நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஒரு கணவாய். அதைத் தாண்டினால் பிட்டவல பத்தன என்ற புல்வெளி. மாசி, பங்குனி நல்ல காலம். ஈரமான நாளில் போனால் அட்டை பிடிக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதல்தடவை கண்டு அலறுவது இதற்குத்தான். இலை நுனியில் நூல் மாதிரி எழுந்து நின்று, உடம்புச் சூட்டையும் மூச்சையும் மணந்து ஆடிக்கொண்டிருக்கும். கடித்தது தெரியாது, காலுறையில் இரத்தம் ஊறிய பிறகுதான் தெரியும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, மேலே சவர்க்காரம் பூசுங்கள். தேசிக்காய்ப்புளியோ உப்புத் தண்ணீரோ பட்டால் விட்டுவிடும், பிடுங்கி எறிய வேண்டியதில்லை.

வாவிகள் என்று பார்த்தால், மலைநாட்டில் நாம் படம் எடுக்கிறவை அநேகமாக மனிதர் கட்டியவை. கண்டி வாவியைக் கடைசி அரசன் சிறீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அமைப்பித்தான். நுவரெலியாவின் கிறகரி வாவி ஆங்கிலேய ஆளுநர் காலத்தது. அங்கே விசைப்படகுச் சத்தத்தில் ஒரு பறவையும் மிஞ்சாது, அரை மணி நேரம் போதும். அமைதியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க விரும்பினால் ஹற்றனிலிருந்து காசல்றீ அல்லது மஸ்கெலியாப் பக்கம் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குப் போங்கள். பழைய மஸ்கெலியா நகரம் மவுசாக்கலைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் கற்சுவர்கள் வெளியே தெரியும்.

கடைசியாக ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் மலைநாட்டுப் பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கித் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்களை மூடியது. அதற்குப் பிறகும் சரிவுகள் நின்றபாடில்லை. மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடும். நீங்கள் போகிற பிரிவின் பெயர் அதில் இருந்தால் வானுக்குக் கொடுத்த முற்பணம் போனாலும் பரவாயில்லை, பயணத்தைத் தைக்குத் தள்ளிப் போடுங்கள். அங்கே உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால், பயணத்தை நிறுத்துகிற அன்றைக்கே அவர்களுக்கும் ஒரு அழைப்பு எடுத்து, பாதுகாப்பான இடத்துக்கு மாறிவிட்டார்களா என்று கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.