ஹாங்காங்கில் விலை கூடிய சீன உணவகம்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். சகோதரி ஒருவர் அனுப்பியிருக்கிறார். "பள்ளி விடுமுறையில் குடும்பமாக நான்கு பேர் ஹாங்காங் போகிறோம். ஒரு வேளையாவது பெரிய ஹோட்டலில் இருக்கிற பேர்போன சீன உணவகத்தில் சாப்பிட வேண்டும் என்று கணவருக்கு ஆசை. சின்னக் கடைகளிலேயே அருமையாகக் கிடைக்கும் என்கிறார்களே, அவ்வளவு பணம் கொடுப்பது தண்டம் இல்லையா?" இதுதான் கேள்வி.

தண்டம் இல்லை, தாராளமாகப் போங்கள். ஆனால் இரவில் வேண்டாம், மதியம் போங்கள். அரிய பொருள், கிடைக்காத பொருள் என்று விலை போட்டிருப்பதை விட்டுவிட்டு, சமையல்காரரின் கைவேலை தெரிகிற பண்டங்களுக்குக் காசு கொடுங்கள்.

மதியம் என்று சொல்வதற்குக் காரணம் டிம் சம். ஆவியில் வெந்த, சுட்ட, பொரித்த சின்னச் சின்னப் பண்டங்கள், கூடவே தேநீர். ஹாங்காங்கிலும் அதை ஒட்டிய தென்சீனத்திலும் இருக்கிற கான்டனீஸ் மக்களின் காலை, மதியச் சாப்பாடு இது. பழைய முறைப்படி நடக்கிற பெரிய உணவகங்களில் இரவில் இது கிடைக்காது. இதற்கென்றே சமையலறையில் தனிப் பிரிவும் தனிச் சமையல்காரர்களும் உண்டு. இரவு விருந்துக்கு ஆகிற செலவில் ஒரு பங்குதான் ஆகும். உட்காருவது அதே நாற்காலி, கிடைப்பது அதே உபசரிப்பு.

இதில் ஹா காவ் என்கிற இறால் கொழுக்கட்டையை மட்டும் கவனித்துப் பாருங்கள். ஒரு சமையலறை எப்படிப்பட்டது என்பதை அது ஒன்றே சொல்லிவிடும். கோதுமையிலிருந்து எடுத்த ஸ்டார்ச்சோடு மரவள்ளி மாவைச் சேர்த்து, நாம் கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிளறுகிற மாதிரி, கொதிக்கிற தண்ணீர் விட்டுப் பிசைவார்கள். அப்புறம் சின்ன உருண்டையை எடுத்து, எண்ணெய் தடவிய வெட்டுக்கத்தியின் பட்டையான பக்கத்தால் ஒரே அழுத்தாக அழுத்தித் திருப்பினால் காகிதம் போல ஒரு வட்டம் வரும். இறாலை உள்ளே வைத்து மடிப்பு எடுக்க வேண்டும். ஏழு மடிப்பாவது இருக்க வேண்டும் என்பது வழக்கம். கைதேர்ந்தவர்கள் பத்துக்கு மேலும் எடுப்பார்கள். வெந்து வந்ததும் தோல் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கிற இறாலின் இளஞ்சிவப்பு வெளியே தெரியும். குச்சியால் தூக்கும்போது கூடையில் ஒட்டக் கூடாது, கிழியவும் கூடாது. கடித்தால் இறால் நறுக்கென்று இருக்க வேண்டும். இது சரியாக அமைந்தால் மற்றதை நம்பி வரவழைக்கலாம்.

சின்னக் கடையிலேயே கிடைக்கும் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. உணவகங்களுக்கு ஒன்று முதல் மூன்று வரை நட்சத்திரம் கொடுக்கிற மிஷலின் கையேடு, ஹாங்காங், மக்காவ் நகரங்களுக்கென்று முதன்முதலாக 2008 டிசம்பரில் வந்தது. ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலில் இருக்கிற லுங் கிங் ஹீன் அதில் மூன்று நட்சத்திரம் வாங்கியது. உலகத்தில் ஒரு சீன உணவகம் மூன்று நட்சத்திரம் வாங்கியது அதுதான் முதல் தடவை. அங்கே டிம் சம் செய்துகொண்டிருந்த சமையல்காரர் மாக் க்வாய் புய் வெளியே வந்து, 2009இல் மோங் காக் பகுதியில் டிம் ஹோ வான் என்று ஒரு குட்டிக் கடை போட்டார். அடுத்த கையேட்டிலேயே அதற்கு ஒரு நட்சத்திரம். உலகத்திலேயே மலிவான மிஷலின் உணவகம் என்று பேர் வாங்கி, வாசலில் மணிக்கணக்காக வரிசை நின்றது. ஆக, ஹோட்டலில் வேலை செய்த அதே கை, பல மடங்கு குறைந்த விலையில்! இன்று அது பல நாடுகளில் கிளை வைத்திருக்கிற நிறுவனம். அந்தப் பழைய இடமும் மாறிவிட்டது. இருந்தாலும் அதன் பன்றி இறைச்சி வைத்துச் சுட்ட பன்னுக்காகப் போகிறவர்கள் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்படியானால் ஹோட்டலில் கூடுதலாக என்ன கிடைக்கிறது? சின்னக் கடை நாலைந்து பண்டத்தை ஏராளமாகச் செய்து ஓட்டுகிறது. தாளில் குறித்துக் கொடுத்து, தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்ந்து, சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும். ஹோட்டலில் அவசரம் இல்லை. தேயிலையை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். தேநீர் தீர்ந்தால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கெண்டியின் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் வெந்நீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். ஊற்றும்போது விரலால் மேசையை மெல்லத் தட்டுவது அங்கே நன்றி சொல்கிற வழக்கம். வயதானவர்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்களுக்கு இந்த நிதானம் பெரிய விஷயம்.

வான்டன் என்கிற சின்னக் கொழுக்கட்டை போட்ட நூடுல்ஸ், கஞ்சி, மண்சட்டிச் சோறு, இதற்கெல்லாம் ஹோட்டலுக்குப் போக வேண்டாம். அதை மட்டுமே பல வருடமாகச் செய்கிற கடைகள் ஊரெல்லாம் இருக்கின்றன. என் கணக்கில் அங்கேதான் ருசி அதிகம்.

பெரிய உணவகத்தில் டிம் சம்முக்கு அடுத்தபடி நான் காசு கொடுப்பது ஆவியில் வேகவைத்த மீனுக்கு. தொட்டியில் உயிரோடு இருக்கிற மீனைக் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போவார்கள். முள்ளிலிருந்து சதை அப்போதுதான் விடுகிற பதத்தில் இறக்கி, மேலே வெங்காயத்தாளைத் தூவி, காய்ந்த எண்ணெயைச் சடசடவென்று ஊற்றி, இனிப்பு கலந்த சோயா சாஸ் விடுவார்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் கிடையாது. மசாலா இல்லாத மீனா என்று தயங்காதீர்கள். மீன் மீனாகவே ருசிப்பது அந்தத் தட்டில்தான். ஒரு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் கெட்டுவிடும், அதனால்தான் நல்ல சமையலறை வேண்டும் என்கிறேன். ஆனால் மெனுவில் இதற்கு விலை இருக்காது, "அன்றைய விலை" என்றுதான் இருக்கும். கேட்டி என்கிற எடையில் சொல்வார்கள், ஒரு கேட்டி ஏறக்குறைய 600 கிராம். மீன் எத்தனை கேட்டி, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு தலையை ஆட்டுங்கள். இதில் கூச்சமே படாதீர்கள், அந்த ஊர்க்காரர்களும் கேட்கிறார்கள்.

சுறாத் துடுப்பு, பறவைக் கூடு, அபலோனி என்கிற காய்ந்த கடல் நத்தை என்று மெனுவின் முன்பக்கத்தில் பெரிய விலையோடு இருப்பதை விட்டுவிடுங்கள். சுறாத் துடுப்புக்கென்று சொல்லும்படியான சுவை கிடையாது, வழவழப்பும் நரம்பு நரம்பான மென்மையும்தான். நாக்குக்குத் தெரிகிற ருசி எல்லாம் அது மிதக்கிற சாற்றுடையது. முதிர்ந்த கோழி, பன்றி இறைச்சி, ஜின்ஹுவா என்கிற உப்புக்கண்டம் எல்லாம் போட்டுப் பல மணி நேரம் காய்ச்சி வடித்த சாறு அது. அந்தச் சாற்றை வேறு சூப்பிலேயே குடிக்கலாம். அந்த ஊரின் பெனின்சுலா ஹோட்டலே 2012 தொடக்கத்தில் சுறாத் துடுப்பை நிறுத்திவிட்டது. நம் நாட்டிலிருந்தும் கப்பலேறிக்கொண்டிருந்த பொருள்தான், 2015இல் இந்திய அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. சுறாக்கள் படுகிற பாட்டுக்கு நாமும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அரிய பொருள் இல்லாமலும் உச்சத்துக்குப் போகலாம் என்பதற்கு ஹாங்காங்கிலேயே தி சேர்மன் என்று ஓர் உணவகம் இருக்கிறது. ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் 2021இல் முதலிடம் வந்தது. அதன் பேர்போன பண்டம், ஷாவ்ஷிங் என்கிற பழைய அரிசி மதுவும் கோழிக் கொழுப்பும் சேர்த்து ஆவியில் வேகவைத்த நண்டு. அடியில் பட்டையான அரிசி நூடுல்ஸ் போட்டு, இறங்குகிற சாற்றை அது உறிஞ்சும்படி செய்வார்கள். இடம் கிடைப்பதுதான் கஷ்டம், வெகுநாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

பில் விஷயம். தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று போடுவார்கள். நீங்கள் கேட்காமலே மேசைக்கு வருகிற வேர்க்கடலை, ஊறுகாய்க் கிண்ணங்களுக்கும் பெரும்பாலும் காசு உண்டு. வேண்டாம் என்றால் உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம். மொத்தத்தில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேரும். அதற்கு மேல் விற்பனை வரி கிடையாது. எல்லாமே பகிர்ந்து சாப்பிடுகிற அளவில்தான் வரும் என்பதால் நான்கு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. இரண்டு பேர் போனால் மூன்று பண்டத்தோடு வயிறு நிறைந்துவிடும்.

உங்கள் வீட்டில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்களா என்று எழுதவில்லை. இருந்தால், அல்லது பன்றி இறைச்சி ஆகாது என்றால், கவனமாக இருங்கள். இறால் கொழுக்கட்டையிலேயே பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. வெறும் கீரைதானே என்று வரவழைத்தால் அது நான் சொன்ன அந்தச் சாற்றில் வெந்திருக்கும், அல்லது மேலே சிப்பிச் சாறு விட்டிருக்கும். முட்டை டார்ட்டின் ஓட்டில்கூடப் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். இந்த இடத்தில் பெரிய உணவகம்தான் வசதி. முன்பதிவு செய்யும்போதே மின்னஞ்சலில் இறைச்சி, மீன், சிப்பிச் சாறு, இறைச்சிச் சாறு எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாக எழுதிவிடுங்கள். சைவம் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாதீர்கள். முன்கூட்டித் தெரிந்தால் தனியாகச் செய்துகொடுக்க அங்கே ஆள் இருக்கிறது. கூட்டம் நெரிகிற சின்னக் கடையில் அதை எதிர்பார்க்க முடியாது. வீட்டில் எல்லாருமே சைவம் என்றால் பௌத்த சைவ உணவகங்கள் அங்கே இருக்கின்றன, அவற்றில் பல இடங்களில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. அப்படியென்றால் ஹோட்டலை விட்டுவிட்டு அங்கேயே போங்கள்.