பந்தியில் வரிசை, சந்நிதியில் நெரிசல்

நடுவர் ஐயாவுக்கும், காவடி எடுத்த கால் கொப்புளம் ஆறுமுன்பே பட்டிமன்றம் கேட்க வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

திருவிழாக் கூட்டத்தில் உயிர் போவது பக்தர்களின் ஒழுங்கின்மையாலா, ஏற்பாட்டின் குறையாலா? இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய அக்கா, நம் ஆட்களுக்கு வரிசையே தெரியாது, நம் மொரீஷியஸில், ரோஸ் ஹில் ஊரில் மெட்ரோ ரயில் ஏறும்போதே பார்க்கலாமே என்றார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், முட்டிமோதி ஏறுகிறவர்களில் நானும் ஒருவன்.

சரி அக்கா, நம் கோயிலில் ஏழு கறிச் சாப்பாடு போடுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? விரதம் முடித்த பசி, ரச வாசனை வேறு. ஆனாலும் ஒருவர் இலையை ஒருவர் மிதிப்பதில்லை. ஏன்? வாசலில் ஒரு பெரியவர் நிற்கிறார். உள்ளே எத்தனை இலை என்பது அவருக்குத் தெரியும். நிரம்பியதும் கதவைச் சாத்தி, “அடுத்த பந்திக்கு வா தம்பி” என்கிறார். சாப்பிட்டவர்கள் கைகழுவப் பின்பக்கம் போகிறார்கள். வந்த வழியே திரும்புவதில்லை. இதே ஜனம்தான் அரைமணி முன்னால் சந்நிதி வாசலில் முண்டியடித்தது. அங்கே எண்ணுவதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு சதுர மீட்டரில் நாலு பேர் நின்றால் நகரலாம். ஆறு, ஏழு பேர் ஆகிவிட்டால் உங்கள் கால் உங்கள் பேச்சைக் கேட்காது. கூட்டமே தண்ணீர் மாதிரி அலையடிக்கும். நெரிசலில் இறப்பவர்களில் பலர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே, நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டிப் போகிறார்கள். பின்னால் இருந்து தள்ளுகிறவருக்கு இது தெரியுமா? அவர் கண்ணுக்கு எட்டுவது முன்னால் இருப்பவரின் முதுகு மட்டும். அவரிடம் போய் ஒழுக்கம் பேசி என்ன பயன்?

ஒரு தைப்பூசத்தன்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். கோயில் பெயர் வேண்டாம். இரட்டைக் கதவில் ஒன்றுதான் திறந்திருந்தது. இன்னொன்றை ஒட்டி விருந்தினர் காரை நிறுத்தியிருந்தார்கள். காவடி அந்த வழியில் நுழையாது. ஒவ்வொருவரும் பக்கவாட்டில் திரும்பித்தான் போக வேண்டும். பின்னால் மேளம், அதற்குப் பின்னால் பால்செம்பு ஏந்திய பெண்கள், காலுக்குக் கீழே கொதிக்கும் தார். எனக்கு முன்னால் ஓர் இளைஞன், நாக்கிலும் கன்னத்திலும் வேல். நெருக்கம் கூடக் கூட அவன் கண் பெரிதாகிறது. “தள்ளாதீங்க” என்று கத்தக்கூட அவனால் முடியாது. யாரோ ஓடிப்போய்ச் சாவி வாங்கி வந்து காரை எடுத்தார்கள். இரண்டே நிமிடத்தில் கூட்டம் தெளிந்துவிட்டது. ஒழுங்கு கெட்டது யார் ஐயா, அந்தப் பையனா, காரா?

எதிரணியினர் உத்தரப் பிரதேசத்து ஹாத்ரஸில், ஒரு சாமியார் கூட்டத்தில் நடந்த நெரிசலைச் சொன்னார்கள். 2024 ஜூலையில் 121 பேர் இறந்தார்கள், சாமியாரின் காலடி மண்ணுக்கு ஓடினார்கள் என்று. ஓடினார்கள்தான். ஆனால் அனுமதி வாங்கியது 80,000 பேருக்கு. வந்தது இரண்டரை லட்சத்துக்கும் மேல் என்று போலீஸ் வழக்கே சொல்கிறது. ஓடுவதற்கு முன்பே தப்பு நடந்துவிட்டதே!

கும்பகோணத்தையும் பாருங்கள். 1992 மகாமகத்தில் நெரிசலில் சுமார் 50 பேர் இறந்தார்கள். 2016-இல் அதே குளத்துக்கு மறுபடியும் லட்சக்கணக்கில் வந்தார்கள். பத்து நாளில் எந்த நாளும் நீராடலாம் என்று கூட்டத்தைப் பரப்பினார்கள். அப்படி ஒரு விபத்து நடக்கவில்லை. நடுவில் 24 வருஷத்தில் நம் ஜனம் திடீரென்று ஒழுக்க சீலர்கள் ஆகிவிட்டார்களா? நீங்களே சிரிக்கிறீர்கள்.

நம் தீவுக்கு வருவோம். 2024 மார்ச்சில் மகா சிவராத்திரிக்குக் கங்கா தலாவ் என்ற புனித ஏரிக்குப் போகும் யாத்திரையில், சாமி சிலைகள் வைத்த வண்டி மின்கம்பியில் பட்டு எரிந்து ஆறு பேர் போனார்கள். இவ்வளவு உயரம் ஏன் கட்டினார்கள் என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட வண்டியை யாரும் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டுவதில்லை. தெருவே பார்க்கக் கட்டுகிறார்கள். கிளம்புமுன் உயரத்தை அளந்து, போகிற வழியில் கம்பி எங்கே தாழ்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது பக்தியோடு இழுக்கிற பையன்களின் வேலையா?

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துவிடுகிறேன். இந்த மண்டபத்துக்கு இரண்டு கதவு. வரும்போதே பார்த்தேன், இடதுபக்கக் கதவை மறைத்து நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்வதற்குள் யாராவது இரண்டு தம்பிமார் அதைக் கொஞ்சம் நகர்த்திவிடுங்கள். நன்றி, வணக்கம்.