உப்பு ஏறினால் இனிப்பு ஏறும்

(ஓசூரில் பசுமைக்குடில் உழவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தோட்டக்கலை உதவி இயக்குநர் அம்மையார் அவர்களே, தொலைவைப் பொருட்படுத்தாமல் கோவையிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, தளியிலிருந்தும் கெலமங்கலத்திலிருந்தும் சூளகிரியிலிருந்தும் பால் கறந்த கையோடு பஸ் ஏறி வந்திருக்கும் உழவர் பெருமக்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். அம்மையாரைப் பற்றி ஒரு சொல். ஆலங்கட்டி மழையில் எங்கள் குடில்களின் கூரை கிழிந்தபோது மறுநாள் விடிந்ததும் வந்து நின்றவர் அவர். இந்த மேடையில் அதைச் சொல்லாமல் விட்டால் நன்றி மறந்தவன் ஆவேன்.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். உரக்கரைசலில் உப்பு ஏறும்போது தக்காளிக்குள் என்ன நடக்கிறது, அதை எந்த அளவில் நிறுத்துவது, வடிந்து வரும் கழிவுக் கரைசலை என்ன செய்வது.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். நம் வீட்டுக் குழம்புக்குச் சொன்னது, குடிலில் நிற்கும் செடிக்கும் பொருந்துகிறது. தக்காளிப் பழத்தில் நூற்றுக்கு 94, 95 பங்கு தண்ணீர். சர்க்கரை, புளிப்பு, நிறம், மணம் எல்லாம் மீதி ஐந்தாறு பங்குக்குள் அடக்கம். வேரைச் சுற்றி உப்பு மிகுந்தால் வேர் தண்ணீரை இழுக்கத் திணறும். காய்க்குப் போகும் தண்ணீர் குறையும். இலை அனுப்பும் சர்க்கரையோ அந்த அளவுக்குக் குறைவதில்லை. பாலைச் சுண்டக் காய்ச்சினால் திரட்டுப்பால் ஆவதுபோல, காய் சிறுத்து உள்ளே சத்து திரள்கிறது. இனிப்போடு புளிப்பும் ஏறும்; அதனால்தான் அந்தப் பழம் வெறும் சர்க்கரையாக இல்லாமல் தக்காளியாகவே ருசிக்கிறது.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். ஜப்பானில் ஷிகோகு தீவு, கோச்சி நகரம். 1970 ஆகஸ்டில் ஒரு பெரும் புயல். கரை உடைந்து கடல் ஊருக்குள் வந்துவிட்டது. தோகுதானி என்ற பகுதியின் வயல்களெல்லாம் உப்பு நீரில் மூழ்கின. நம் நாகப்பட்டினத்து உழவர்களைக் கேளுங்கள், 2004 சுனாமிக்குப் பிறகு வயலில் உப்புப் பூத்துக் கிடந்ததை அவர்கள் சொல்வார்கள். தண்ணீர் வடிந்துவிடும், உப்பு வடியாது. அந்த மண்ணில் தக்காளி வைத்தார்கள். செடி வளர்த்தி இல்லை. காய் பருக்கவில்லை. பிஞ்சிலேயே நின்றுவிட்டதுபோல் சின்னச் சின்னதாய், கெட்டியாய், காம்புப் பக்கம் கரும்பச்சையாய்ப் பழங்கள். கூடையில் அள்ளினால் யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் கடித்தவர்களுக்குத் தெரிந்தது, அது கறிக்காய் அல்ல, கனி என்று! ஜப்பானியர்கள் அந்த வகைக்கு வைத்த பெயரே பழத் தக்காளி. கடல் கெடுத்த மண், அந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. இன்றும் அந்தத் தக்காளியை அங்கே பழத்துக்குரிய மதிப்போடு விற்கிறார்கள். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்திலும் நிலத்தடி உவர்நீரை வைத்தே செர்ரித் தக்காளியை இனிக்க வைக்கிறார்கள்.

கோச்சிக்குக் கடல் தந்ததை நாம் நம் தொட்டியில் அளந்து தரலாம். கரைசலில் எவ்வளவு உப்பு என்பதை டெசிசீமன்ஸ் கணக்கில் காட்டும் இ.சி. மீட்டர் எல்லோரிடமும் இருக்கிறது. தக்காளிக்கு 2 முதல் 3.5 டெசிசீமன்ஸ் வரை வைப்பது வழக்கம். 5 வரை கொண்டுபோனால் ருசி நன்றாகத் தெரியும், எடையும் குறையும். மண்ணில் வளரும் தக்காளிக்கு மாஸ், ஹாஃப்மன் என்ற இரு அறிஞர்கள் 1977இல் கணக்குச் சொன்னார்கள்: 2.5ஐத் தாண்டிய ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் விளைச்சலில் ஏறத்தாழ 10 சதவீதம் போய்விடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடுதான் காய்க்குப் போகும். தண்ணீர் குறைந்தால் அதுவும் குறையும். காயின் அடிமுனை கருத்து, தோலைப்போல் அமுங்கிவிடும். ஆகவே ஒரேயடியாக ஏற்றாதீர்கள். காய் பிடித்த பிறகு படிப்படியாக ஏற்றுங்கள். வெயில் கொளுத்தும் நாளில் இறக்குங்கள். தென்னை நார்க்கழிவைக் கழுவாமல் பையில் நிரப்பியவர்களுக்கு, அதிலேயே உப்பு இருக்கிறது என்பதை நினைவூட்டுகிறேன்.

சென்ற பருவத்தில் என் குடிலில் இரண்டு வரிசைக்கு மட்டும் இ.சி. 5 வைத்தேன். சாற்றின் இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் எண் மற்ற வரிசைகளில் 4.5, இந்த இரண்டில் 7. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு மண்டிக்குப் போனேன். தரகர் மேலே கிடந்த பழத்தை விரலால் உருட்டினார். "பொடிக்காய்" என்றார். கடைசித் தரத்தில் போட்டார். ஒரு பழத்தைக் கடித்துப் பார்க்கச் சொன்னேன், கடிக்கவில்லை.

உப்பில்லாப் பண்டத்துக்குத்தான் இன்று முதல் விலை. தண்ணீர் ஊதிய பழத்துக்கு எடை, எடைக்குப் பணம். உப்பு வைத்து, ருசி ஏற்றி, எடையை இழந்தவனுக்குத் தண்டனை. இது ஏன்? பால் சங்கத்தில் லிட்டரை மட்டுமா பார்க்கிறார்கள்? கொழுப்பும் இதர சத்தும் அளந்து விலை போடுகிறார்கள். கரும்புக்குப் பிழிதிறன் பார்க்கிறார்கள். பாலுக்கு உள்ள நியாயம் தக்காளிக்குக் கிடையாதா? 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது இடைத்தரகர் இல்லாமல் விற்கலாம் என்ற வழி பிறந்தது. அதே சந்தைகளில் ஆளுக்கொரு சொட்டுச் சாறு விட்டுப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றை வைத்து, பிரிக்ஸ் எண்ணை விலைப்பலகையில் எழுத வேண்டும். வாங்கும் தாய்மார்கள் தாங்களே முடிவு செய்யட்டும். அம்மையார் அவர்களின் கவனத்துக்கு இதைப் பணிவோடு கொண்டுவருகிறேன்.

கழிவுக் கரைசலைப் பற்றிப் பேராசிரியர் ஐயா தம் உரையில் சொல்வார். நேரம் கருதி நான் அதற்குள் போகவில்லை.

இதோ இரண்டு கண்ணாடி டம்ளர்கள், இரண்டிலும் வெறும் குழாய்த் தண்ணீர். ஒன்றில் நேற்று சந்தையில் வாங்கிய பழத்தை விடுகிறேன், மிதக்கிறது. இன்னொன்றில் என் இரண்டு வரிசையின் பழம். பின்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து பாருங்கள், சத்து திரண்ட கனத்தில் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. இதே பழம் ஒரு கூடை நிறைய வாசல் மேசையில் இருக்கிறது, பக்கத்தில் சந்தையில் பிரிக்ஸ் எண்ணை எழுதக் கேட்கும் மனுவும் பேனாவும். முதலில் ஒரு பழம் தின்றுவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள். வணக்கம்.